கோடு யாருடைய சொத்து?

மேனாட்டு ஆடவர் உடையின் இலக்கணத்தைப் போதிக்கும் நூல்களிலும், அந்நூல்களைக் கற்றுத் தேர்ந்த கனவான்களின் சம்பாஷணைகளிலும், ஒரு விதி நெடுங்காலமாக வேதவாக்கைப் போல வழங்கி வருகிறது. சாய்கோடு போட்ட டை என்பது அலங்காரம் அன்று, அடையாளம். அது ஒரு படைப்பிரிவுக்கோ, ஒரு கல்லூரிக்கோ, ஒரு சங்கத்துக்கோ உரிய சின்னம். அவற்றில் அங்கத்துவம் இல்லாதவன் அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டு நாலு பேர் நடுவில் நடமாடுவது, பிறர் போர்க்களத்தில் பெற்ற பதக்கத்தைத் தன் மார்பில் குத்திக்கொள்வதற்குச் சமானம். ஆகையால் எந்த ஸ்தாபனத்தின் பட்டியலிலும் பெயர் இல்லாத சாமானிய மனிதன் ஒற்றை நிற டையோடும் புள்ளி போட்ட டையோடும் திருப்தி அடைந்து, கோட்டின் பக்கம் கண்ணெடுத்தும் பாராதிருப்பதே மரியாதை என்பதுதான் அந்த விதி.

இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. தமக்குச் சொந்தமில்லாத கௌரவத்தைத் தாம் சூடிக்கொள்ளலாகாது என்ற கூச்சம் உயர்ந்த குணமே. ஆனால் நல்ல எண்ணத்திலிருந்து பிறந்த காரணத்தாலேயே ஒரு கொள்கை நியாயமானதாகிவிடாது. லண்டனுக்கோ நியூயார்க்குக்கோ உத்தியோக நிமித்தமாக முதன்முதல் பிரயாணப்படும் இளைஞன், கடையிலே தன் நிறத்துக்கும் தன் சூட்டுக்கும் அழகாய்ப் பொருந்துகிற ஒரு கோட்டு டையைக் கையில் எடுத்துவிட்டு, "இது எந்தச் சீமானுடைய சின்னமோ, எவராவது கேட்டால் என்ன பதில் சொல்வது" என்று அஞ்சி அதைத் திரும்ப வைக்கிறான் என்றால், அங்கே மரியாதை வளர்க்கப்படவில்லை, அச்சந்தான் வளர்க்கப்படுகிறது. அந்த அச்சத்துக்குச் சரித்திரத்திலும் ஆதாரமில்லை, தறியிலும் ஆதாரமில்லை, கண்ணுக்கு முன்னால் தொங்கும் டையிலும் ஆதாரமில்லை என்பதையே இங்கே நிலைநாட்ட விரும்புகிறேன். சில குறிப்பிட்ட நிறச்சேர்க்கைகள் சில குறிப்பிட்ட கூட்டங்களுக்குச் சொந்தம். கோடு எவருக்கும் சொந்தமில்லை.

முதலில் கோட்டுக்கென்று இயல்பாகவே ஒரு கௌரவம் உண்டா என்று பார்ப்போம். ஐரோப்பாவில் மத்திய காலத்தில் கோடு போட்ட துணிக்கு இருந்த பெயர் கௌரவமான பெயரே அன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் கார்மேல் சபைத் துறவிகள் பட்டை பட்டையாய்க் கோடிட்ட மேலங்கியோடு பாரிஸ் வீதிகளில் தோன்றியபோது ஜனங்கள் அவர்களைக் கண்டு நகைத்தார்கள். அந்தப் பரிகாசம் பல ஆண்டுகள் தொடர்ந்து, கடைசியில் அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அவர்கள் வெள்ளை மேலங்கிக்கு மாற நேர்ந்தது. கோமாளிகளுக்கும், ஊரால் ஒதுக்கப்பட்டவர்களுக்கும் கோட்டுத் துணி அக்காலத்தில் அடையாளமாயிற்று. பிற்காலத்தில் சிறைக்கைதிகளுக்கும் அதுவே உடையாயிற்று. 1858-இல் பிரெஞ்சுக் கடற்படை தன் சாதாரண மாலுமிகளுக்கு நீலமும் வெள்ளையுமான கோட்டுப் பனியனைச் சட்டபூர்வமான உடையாக்கிற்று. துறவியும் கைதியும் மாலுமியும் அணிந்த கோடு, பின்னர் ஆக்ஸ்ஃபோர்டு மாணவனுடைய கழுத்துக்கு வந்த மாத்திரத்தில் அதன் பூர்வோத்தரங்கள் அனைத்தும் மறைந்து, அது ஒரு வகுப்பாரின் ஏகபோகப் பிதுரார்ஜிதமாகிவிட்டது என்று வாதிப்பது எவ்வாறு பொருந்தும்?

சங்கங்களின் கதையையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனெனில் எதிர்க்கட்சியார் தங்கள் கோட்டையைக் கட்டியிருப்பது அந்த அஸ்திவாரத்தின் மேல்தான். ஐ ஸிங்காரி என்ற நாடோடிக் கிரிக்கெட் சங்கம் 1845-இல் தோன்றிற்று. சொந்தமாக ஒரு மைதானம்கூட இல்லாமல் ஊர் ஊராகச் சென்று விளையாடிய அந்த இளைஞர்கள் கறுப்பு, சிவப்பு, பொன் என்ற மூன்று நிறங்களைத் தங்களுக்கென்று வைத்துக்கொண்டார்கள். இருளிலிருந்து நெருப்பின் வழியாக ஒளிக்கு என்று அதற்குத் தாத்பரியமும் சொல்லிக்கொண்டார்கள். பிறகு 1880-இல் ஆக்ஸ்ஃபோர்டு எக்ஸிடர் கல்லூரியின் படகோட்டிகள் தங்கள் வைக்கோல் தொப்பியைச் சுற்றியிருந்த வண்ண நாடாவை அவிழ்த்து விளையாட்டாகக் கழுத்தில் கட்டிப் பார்த்தார்கள் என்றும், அது அவர்களுக்குப் பிடித்துப்போகவே தையற்காரரிடம் அதே நிறங்களில் டைகளுக்கு உத்தரவு கொடுத்தார்கள் என்றும், அதிலிருந்தே கல்லூரி டை என்ற வழக்கம் பிறந்தது என்றும் பரம்பரையாகச் சொல்லப்படுகிறது. கல்லூரிகளைப் பின்பற்றிப் பள்ளிகளும், பள்ளிகளைப் பின்பற்றிப் படைப்பிரிவுகளும் தத்தம் நிறங்களை டையில் நெய்வித்துக்கொண்டன. யுத்த உடையில் இருக்கும்போது இராணுவ அதிகாரி இந்த டையைக் கட்டுவதில்லை. விடுமுறையில் சாதாரண உடையோடு வெளியே செல்லும்போதுதான், தன் பழைய தோழர்கள் தன்னைக் கண்டுகொள்ளட்டும் என்பதற்காகக் கட்டுகிறார்.

இந்தச் சரித்திரத்தில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இளைஞர்களின் உற்சாகத்தில் பிறந்து நட்பினால் வளர்ந்த அழகிய வழக்கம் அது. ஆனால் இதிலிருந்து பெறப்படுவது என்ன? ஐ ஸிங்காரி சங்கத்தார் தங்களுடையதாக்கிக்கொண்டது கோட்டையா, அல்லது அந்த மூன்று நிறங்களையா? அவர்கள் கொடியிலும் தொப்பியிலும் கச்சையிலும் வைத்துக்கொண்டதும் அதே மூன்று நிறங்களைத்தானே! எக்ஸிடர் கல்லூரி மாணவர்களுக்குத் தொப்பி நாடாவில் இருந்த நிறங்கள் கழுத்துக்கு இடம் மாறின, அவ்வளவே. மேலும் நாடாவிலே கோடுகள் அதன் நீளப்போக்கில் ஓடுவதுதான் வழக்கம். அதைக் கழுத்தில் கட்டினால் கோடு மேலிருந்து கீழாக நேராக இறங்குமேயன்றி, இன்று நாம் சின்னத்தின் உயிர்நாடி என்று எண்ணும் சாய்வு அதில் இராது. ஆகவே சாய்கோடு என்பது சங்கங்கள் கண்டுபிடித்ததுமன்று, சங்கங்கள் பட்டா வாங்கியதுமன்று.

சின்னம் எதில் இருக்கிறது என்பதை மிகப் பிரசித்தமான டைகள் சிலவற்றை ஒன்றன்பின் ஒன்றாக மேசையில் விரித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். அரண்மனைக் காவற்படையினரின் டை கருநீலத்தின் மேல் அரக்குச் சிவப்பு அகலப் பட்டைகளாக வருவது. ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர்களுடையது கறுப்புத் தளத்தில் வெளிர்நீல மெல்லிய கோடு. மேரில்போன் கிரிக்கெட் சங்கத்தின் சிவப்பும் மஞ்சளும், கண்ணைப் பறிப்பதில் எதற்கும் பின்வாங்காதவை. நடிகர்களும் எழுத்தாளர்களும் கூடுகிற காரிக் சங்கத்தின் டையிலோ வெளிர் ரோஜாவும் வெள்ளரிப் பச்சையும் அடுத்தடுத்து நிற்கும். ராயல் பீரங்கிப் படையினரின் டையைப் பாருங்கள்: கருநீலத்தின் மேல் சிவப்பு, ஆனால் நேர்கோடே இல்லை, மின்னல் வெட்டினாற்போல் நெளிந்து நெளிந்து செல்லும் கோடு. இன்னும் எத்தனையோ சங்கங்கள் கோட்டையே நாடாமல், ஒற்றை நிறத் தளத்தில் தங்கள் முத்திரையைச் சிறிது சிறிதாகத் தூவிக்கொள்கின்றன. இவையனைத்திலும் பொதுவாக இருப்பது எது? குறிப்பிட்ட நிறங்கள், குறிப்பிட்ட வரிசையில், குறிப்பிட்ட அகலத்தில், குறிப்பிட்ட தளத்தில் அமைந்திருப்பது ஒன்றே. அவற்றில் ஒன்றை மாற்றினாலும் சின்னம் சின்னமாக இராது. காவற்படையின் அரக்குப் பட்டையை மூன்றிலொரு பங்காகக் குறுக்கி, அதன் அருகில் ஒரு பழுப்புக் கோட்டையும் சேர்த்துவிட்டால், எந்தக் காவற்படை அதிகாரியும் அதைத் தம்முடையதென்று உரிமை கொண்டாடமாட்டார்.

நம் ஊர் வேட்டியை நினைத்துக்கொண்டால் இந்தப் பேதம் இன்னும் தெளிவாகும். இன்னின்ன நிறம் இன்னின்ன வரிசையில் வந்தால் அது இன்ன கட்சியின் கரை என்று குழந்தைகூடச் சொல்லும்; அக்கட்சியில் இல்லாதவர் அக்கரை வேட்டியைக் கட்டுவதுமில்லை. அதனால், கரை போட்ட வேட்டியே கட்சிக்காரருக்கு மட்டும் உரியது, மற்றவர்கள் கரையில்லாத வெறுந்துணியைத்தான் உடுத்த வேண்டும் என்று எவராவது சொன்னதுண்டா? பச்சைக் கரையும், பழுப்புக் கரையும், மெல்லிய சரிகைக் கரையும் உடுத்தி நம்மவர் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இனித் தறியிடம் சாட்சி கேட்போம். எனக்கு இந்த விவகாரத்தில் மிகுந்த பிரியமான பகுதி இதுதான். சங்க நிறங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுபவர்கள் ஏனோ இதை ஒரு வரியில் கடந்துபோய்விடுகிறார்கள். நெசவாளன் பாவிலே ஒரு நிற நூலுக்கு அடுத்தபடி வேறு நிற நூலைச் சேர்த்துவிட்டால், அல்லது ஊடையில் நாடாவை மாற்றி வேறு நிறத்தை ஓட்டிவிட்டால், கோடு தானே பிறக்கிறது. புள்ளிக்கோ, மாங்காய் வடிவத்துக்கோ, சிறு பூவுக்கோ, ஜக்கார்ட் தறியின் அட்டைகள் வேண்டும், அல்லது அச்சுக் கட்டை வேண்டும். கோட்டுக்கு நூலும் நெசவாளனின் கணக்கும் போதும். பூமியில் தறி என்று ஒன்று எங்கே எப்போது நிறுத்தப்பட்டதோ, அங்கே அப்போதே கோடும் உண்டாயிற்று. பிரான்ஸில் 1685-இல் மதச் சகிப்பு ஆணை ரத்தானபின் ஓடிவந்து லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் குடியேறிய புராட்டஸ்டண்ட் நெசவாளர்கள் வளர்த்த பட்டுத் தொழில், காலப்போக்கில் நகரத்தை விட்டு வெளியேறி, சஃபோக் ஜில்லாவிலுள்ள சட்பரி என்ற சிற்றூரில் நிலைகொண்டது. செஷயரில் மாக்கிள்ஸ்ஃபீல்டும், இத்தாலியில் கோமோவும் இத்தொழிலுக்குப் பேர்போன ஊர்கள். கோட்டு டைக்குரிய, மேற்பரப்பில் மெல்லிய வரம்பு வரம்பாக எழும்பி நிற்கும் ரெப் பட்டு இத்தகைய ஊர்களின் தறிகளில் நெய்யப்பட்டது. அந்த வரம்புகள் ஒளியைச் சிதறடிப்பதால் பட்டின் பளபளப்பு அடங்கி, நிறம் மட்டும் ஆழமாகத் தெரிகிறது. இரண்டு நிறங்கள் சந்திக்கும் இடத்திலும் ஓரம் கத்தியால் வெட்டினாற்போலன்றி, நூலளவு மென்மையோடு ஒன்றையொன்று தழுவி நிற்கிறது. அச்சிட்ட துணியில் இந்த நயம் வராது.

தறியிலே கோடு நேராகத்தான் நெய்யப்படுகிறது. அது சாய்வது தையற்காரனின் கத்திரியால். துணியை நெசவின் போக்கில் நேராக வெட்டித் தைத்த டை, முடிச்சுப் போட்டு இழுக்க இழுக்க முறுக்கிக்கொண்டு ஒரு பக்கமாகத் திரும்பிவிடும். அவிழ்த்த பிறகும் சுருக்கம் நீங்காது. நாற்பத்தைந்து பாகைக் கோணத்தில் கிராஸாக வெட்டிய துணியோ ரப்பரைப்போல் சற்று நெகிழ்ந்து கொடுத்து, அவிழ்த்துத் தொங்கவிட்டால் இரவோடிரவாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நியூயார்க்கில் டை தயாரிப்பாளராயிருந்த ஜெஸ்ஸி லாங்ஸ்டார்ஃப் என்பவர், இவ்வாறு கிராஸாக வெட்டிய மூன்று துண்டுகளை இணைத்து டை தைக்கும் முறைக்கு 1920-களில் காப்புரிமை பெற்றார்; இன்று உலகெங்கும் தைக்கப்படும் நல்ல டைகள் யாவும் அம்முறையின் சந்ததிகளே. கோணம் நாற்பத்தைந்து பாகையாக இருப்பதற்குக் காரணம் துணியின் நெகிழ்ச்சி. எந்தப் படைப்பிரிவின் வீர சரித்திரமும் அன்று. தையற்காரனின் தேவையினால் வந்த சாய்வைப் பிரபுக்களின் வம்சச் சின்னமாகப் பாவிப்பது, காரணத்தைக் காரியத்துக்குப் பின்னால் தேடுவதாகும்.

எதிர்க்கட்சியாரில் சற்று இரக்கமுள்ள ஒரு சாரார் இருக்கிறார்கள். கோட்டை அறவே விலக்க வேண்டாம், ஆனால் திசையைப் பார்த்துக் கட்டுங்கள் என்பது இவர்கள் சமாதானம். பிரிட்டிஷ் டையில் கோடு அணிபவரின் இடது தோளிலிருந்து வலப்புறமாக இறங்கும். அமெரிக்க டையில் வலது தோளிலிருந்து இடப்புறமாக இறங்கும். முன்னது உரிமையுள்ளோருக்கு, பின்னது உலகத்தாருக்கு என்று இவர்கள் பாகப் பிரிவினை செய்கிறார்கள். இடது தோளிலிருந்து இறங்குவது இருதயத்திலிருந்து வாள் ஏந்தும் கையை நோக்கி இறங்குவதாகும் என்று ஒரு தத்துவார்த்தமும் கூறப்படுகிறது.

அமெரிக்கத் திசையின் பிறப்பைப் பற்றி இரண்டு கதைகள் உண்டு. 1818-இல் நியூயார்க்கில் தொடங்கிய ப்ரூக்ஸ் பிரதர்ஸ் என்ற கடையார், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயரின் படைப்பிரிவு டைகளைக் கண்டு ஆசைப்பட்டு, அவர்கள் மனம் புண்படாதிருக்கும் பொருட்டுத் திசையை வேண்டுமென்றே திருப்பி நெய்வித்தார்கள் என்பது ஒன்று. அமெரிக்கத் தையற்காரர்கள் துணியை மேற்புறம் கீழாக விரித்து வெட்டியதால் தற்செயலாகத் திசை மாறிற்று என்பது மற்றொன்று. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது. ஒன்று மரியாதையையும் மற்றொன்று வெட்டு மேசையின் வழக்கத்தையும் காரணமாக்குகிறது. பிறப்பைப் பற்றியே இப்படி இரண்டு அபிப்பிராயங்கள் உள்ள ஒரு வழக்கத்தின் மீது தர்மசாஸ்திரம் எழுப்புவது விவேகமாகாது.

இதைக் காட்டிலும் வலிய ஆட்சேபம் ஒன்று கண்ணாடி முன் நிற்கும் எவருக்கும் புலப்படும். டையின் நுனிப் பகுதி மார்பில் செங்குத்தாகத் தொங்குகிறது. முடிச்சின் முகப்பாக அமைவதோ அதே துணி குறுக்காகச் சுற்றப்பட்ட பகுதி. செங்குத்தாக இருந்ததைப் படுக்கைவசமாகத் திருப்பினால் நாற்பத்தைந்து பாகைக் கோடு என்னவாகும்? ஏறக்குறைய எதிர்த்திசைக்குத் திரும்பிவிடும். ஆகவே இடது தோளிலிருந்து கோடு இறங்கும் பிரிட்டிஷ் டையைக் கட்டிய கனவானின் கழுத்துக்குழியில், முகத்துக்கு மிக அருகே, பிறர் கண்கள் முதலில் விழும் இடத்தில், கோடு வலது தோளிலிருந்து இறங்குவதாகத் தோன்றும். ஒரே டையில், ஒரே சமயத்தில், நான்கு அங்குல இடைவெளியில் இரண்டு திசைகளும் காட்சி தருகின்றன. இருதயத்திலிருந்து வாளை நோக்கி ஓடிய வீரம் முடிச்சுக்குள் நுழைந்ததும் எங்கே போயிற்று என்பதற்குத் திசைவாதிகள் பதில் சொல்லட்டும்.

மேலும் திசையே சின்னத்தைத் தீர்மானிக்குமானால், திசை திரும்பிய காவற்படை டை எவருக்கும் பொதுவாகியிருக்க வேண்டும். அனுபவத்தில் அப்படியா நடக்கிறது? 1914-இல் கிரெனடியர் காவற்படையில் சேர்ந்தவரும் பிற்காலத்தில் விண்ட்ஸர் கோமகனுமான வேல்ஸ் இளவரசர் 1919-இல் அமெரிக்காவுக்கு விஜயம் செய்தபோது, அவருடைய உடையைப் பார்த்து அந்நாட்டு இளைஞர் கோட்டு டைகளை மோகித்து வாங்கினார்கள் என்று சொல்வார்கள். அந்த மோகத்தில் வாங்கியவை எத்திசையில் சாய்ந்திருந்தபோதிலும், கருநீலத்தில் அரக்குப் பட்டையைக் காணும் பழைய காவற்படை வீரர் முதலில் நிறத்தைத்தான் காண்பார்; திசையைக் கணக்கிட அவர் கோணமானியோடு வருவதில்லை. மாறாக, தம் நிறமில்லாத டை இடது தோளிலிருந்து சாய்ந்தாலும் அவர் அதைப் பொருட்படுத்தப் போவதில்லை.

இவ்வளவும் சொன்னதனால், இப்போதெல்லாம் எதற்கும் அர்த்தமில்லை, எவரும் எதையும் கட்டலாம் என்று கூறும் நவீனர்களின் பக்கம் நான் சேர்ந்துவிட்டதாக எண்ணலாகாது. அவர்கள் வாதம் முன்னவர்களின் வாதத்தைவிடச் சோம்பேறித்தனமானது. ஒரு படைப்பிரிவின் டை, அதைக் கட்டியவர்கள் சிலருக்கு, திரும்பி வராத தோழர்களின் நினைவாகவும் இருக்கிறது. அதைக் காசு கொடுத்து வாங்கிவிட்ட மாத்திரத்தில் அந்த நினைவுக்கு நாமும் பங்காளியாகிவிடமாட்டோம். ரயில் வண்டியிலே எதிர் ஆசனத்தில் உட்கார்ந்திருக்கும் முதியவர் முகமலர்ந்து, "நீங்கள் எந்தப் பட்டாளத்தில், எந்த ஆண்டில்?" என்று கேட்கும்போது, "கடையில் அழகாயிருந்தது, வாங்கினேன்" என்று பதில் சொல்லி அவர் முகத்தை வாடச் செய்வது மனிதத் தன்மைக்கு அடாத காரியம். ஆகவே பிரசித்தமான சில சின்னங்களை அறிந்து விலக்குவது கடமை. காவற்படையின் கருநீல அரக்கு, ஈட்டனின் கறுப்பும் வெளிர்நீலமும், மேரில்போன் சங்கத்தின் சிவப்பும் மஞ்சளும், பீரங்கிப் படையின் மின்னல்கோடு, விமானப்படையின் அரக்கும் கருநீலமும் இடையே வெளிர்நீல இழையுமான சேர்க்கை ஆகியவற்றை ஒரு மாலைப்பொழுதில் மனத்தில் பதியவைத்துக்கொள்ளலாம். எஞ்சிய கோடுகளின் உலகமோ எல்லையற்றது. அதன் வாயிலில் காவல் நிற்க எவருக்கும் அதிகாரமில்லை.

கோட்டு டையை நான் இவ்வளவு பரிந்து பேசக் காரணம் உண்டு. ஆடவர் சூட்டில் இருப்பதெல்லாம் மேலிருந்து கீழ் நோக்கும் ரேகைகளே: மேலங்கியின் முன்னோரம், பொத்தான் வரிசை, கால்சட்டையின் மடிப்பு, எல்லாம் செங்குத்து. அந்த நேர்மைக்கு நடுவே ஒரே ஒரு சாய்வு, முகத்துக்கு அருகில், மார்பின் மத்தியில் நிகழுமானால், பார்வை கீழே நழுவாமல் முகத்தை நோக்கி மீண்டும் எழுகிறது. புள்ளியும் ஒற்றை நிறமும் செய்ய முடியாத வேலை இது. இன்னொரு உபகாரமும் உண்டு. சூட்டின் நிறம், சட்டையின் நிறம், இரண்டுக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது நிறம் ஒன்று ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் கட்டுப்பாடோடு சந்திக்க வைப்பது கோட்டுக்கே கைவந்த கலை.

தேர்ந்தெடுக்கும்போது முதலில் தளத்தைப் பார்க்க வேண்டும். கருநீலம், அடர்பச்சை, அரக்கு, காப்பிப் பழுப்பு ஆகிய ஆழ்ந்த தளங்கள் சாம்பல், நீல சூட்டுகளோடு எளிதில் இணங்கும். அவற்றின் மேல் ஓடும் கோடு தந்த நிறமாகவோ, மங்கிய பொன்னாகவோ, வெளிர்நீலமாகவோ இருக்கலாம். மாநிறத்தார்க்கும் கறுத்த மேனியார்க்கும் மங்கல் வெளிர்நிறத் தளங்கள் எடுப்பதில்லை என்று கடைக்காரர் சொல்வதுண்டு. நான் அதை ஒப்புவதில்லை. நம்மவர் மேனியில் கடுகு மஞ்சளும் செங்கற் சிவப்பும் தருகிற பொலிவை வெள்ளைக்காரர் மேனியில் அவை தருவதில்லை என்பதே என் அபிப்பிராயம். எல்லாப் பட்டைகளும் ஒரே அகலமாக நெருங்கி வரும் டையைவிட, அகலத் தளத்தில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளிவிட்டு மெல்லிய கோடுகள் செல்லும் டை உத்தியோக சபைகளுக்குப் பொருந்தும்; அகலப் பட்டைகள் மாலை விருந்துக்கும் விடுமுறைக்கும். டையின் அகலம் சூட்டின் மார்பு மடிப்பின் அகலத்துக்கு ஒத்திருக்கட்டும். எட்டு முதல் ஒன்பது சென்டிமீட்டர் வரை எக்காலத்துக்கும் குறைவராத அளவு.

கோட்டு டையோடு கோட்டுச் சட்டை கூடாது, கோட்டுச் சூட்டும் கூடாது என்று இன்னொரு கிளைவிதி உண்டு. இதுவும் பயத்தின் குழந்தையே. விலக்க வேண்டியது கோட்டோடு கோடு சேர்வதையன்று. ஒரே அளவுள்ள கோடுகள் மோதுவதையே. சட்டையில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் இழைக்கோடுகள் ஓடட்டும். சூட்டில் சுண்ணாம்புக்கோடுகள் இரண்டு சென்டிமீட்டர் விலகி நிற்கட்டும். டையின் பட்டைகள் அவ்விரண்டினும் தடித்திருந்து சாய்வாகவும் ஓடுமானால், மூன்றும் தத்தம் இடத்தில் கலகமின்றி நிற்கும். லண்டன் வங்கிக்காரர்கள் இந்தச் சேர்க்கையோடுதான் பல தலைமுறைகளாக அலுவலகம் சென்றார்கள்.

முடிச்சைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஃபிங்க், மாவ் என்ற இரு பௌதிக அறிஞர்கள் 1999-இல் கணித முறையில் ஆராய்ந்து டை முடிச்சுகள் மொத்தம் எண்பத்தைந்து என்று முடிவு கட்டினார்கள். கோட்டு டைக்கு அவற்றில் ஒன்றே போதும்: ஃபோர்-இன்-ஹேண்ட் என்ற, நீளவாக்கில் சற்றே கோணலாக நிற்கும் எளிய முடிச்சு. சாய்கோட்டின் இயல்புக்கு இந்தக் கோணல் உகந்தது. முக்கோணமாய்ப் பருத்து நிற்கும் விண்ட்ஸர் முடிச்சில் கோடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொள்கின்றன. விண்ட்ஸர் கோமகனே தம் பெயரால் வழங்கும் முடிச்சைப் போட்டதில்லை. தடித்த உள்துணி வைத்துத் தைத்த டையில் சாதாரண முடிச்சையே போட்டார் என்பது அவரே தம் நூலில் தெரிவித்த விஷயம்.

கடைசியாக, நம் நாட்டில் மட்டும் கேட்கும் ஆட்சேபம் ஒன்று. கான்வென்ட் பள்ளிகள் தொட்டு ஊர்தோறும் முளைத்த மெட்ரிக்குலேஷன் பள்ளிகள்வரை பிள்ளைகளின் கழுத்தில் கோட்டு டையை மாட்டிவிட்டதனால், அது பாலகர்களின் சீருடை, வயது வந்தவன் கட்டினால் பள்ளிக்கூடப் பையனைப்போல் தோன்றுவான் என்கிறார்கள். பிள்ளைகளின் டை அவ்வாறு தோன்றக் காரணம் கோடன்று. இரண்டே பகட்டு நிறங்கள், சம அகலப் பட்டைகள், எண்ணெய் பூசினாற்போன்ற பாலியெஸ்டர் பளபளப்பு, முன்கூட்டியே தைத்து ரப்பர் நாடாவில் கோத்த முடிச்சு என்ற நான்கும் சேர்ந்தே அந்தத் தோற்றத்தைத் தருகின்றன. ஒளி அடங்கிய ரெப் பட்டில், ஆழ்ந்த தளத்தில், ஏறியும் இறங்கியும் வரும் அகலங்களில், தன் கையாலேயே முடிந்து, முடிச்சின் அடியில் விரலால் ஒரு சிறு குழி அழுத்திவிட்ட கோட்டு டையில் அந்த நான்கில் ஒன்றுகூட இருப்பதில்லை.